முகவரி கேட்டு நின்ற நாற்பது கணினிகள்

(மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் மாணவன் ஒருவன்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை தரலாம் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்ட அன்றே என் வகுப்புத் தோழர்கள் தலைப்புகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவருக்குப் பெண் கல்வி, ஒருவருக்கு நீர்வளம், மற்றொருவருக்கு, வழக்கம்போல, இளைஞர்களும் எதிர்காலமும். "நீ எதைப் பற்றி எழுதப் போகிறாய்?" என்று கேட்டார்கள். "ஸ்விட்ச்சைப் பற்றி" என்றேன். சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. விளக்கைப் போடும் ஸ்விட்ச் அன்று நான் சொன்னது. புதிய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில், கண்ணாடிக் கதவிட்ட இரும்புப் பெட்டிக்குள் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறதே, கல்லூரிக் கணினிகளையெல்லாம் ஒன்றோடொன்று இணைக்கும் கருவி, அதைச் சொன்னேன். அதற்குள் எழுதப்படாமல் விடுபட்ட ஒரே ஒரு வரியால் நம் மாணவர்கள் மூன்று நாள் பட்ட பாட்டைச் சொல்ல நினைத்தேன். இதெல்லாம் மலருக்குரிய பொருளா என்று ஐயுறும் அன்பர்கள் சற்றுப் பொறுத்துப் படிக்குமாறு வேண்டுகிறேன்.

சென்ற கல்வியாண்டில் நடந்தது இது. உதவித்தொகைப் புதுப்பிப்பு விண்ணப்பத்தை இணையத்தில் பதிவதற்கு மூன்று நாட்களே எஞ்சியிருந்தன. புதிய ஆய்வகத்தில் நாற்பது கணினிகள் அந்த வாரம்தான் மேசை ஏறியிருந்தன. "வெளியே போய்ப் பணம் செலவழிக்காதீர்கள், இங்கேயே பதிந்துகொள்ளுங்கள்" என்று ஆசிரியர்கள் அன்போடு சொல்லியிருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கே வரிசை நின்றது. கணினிகளை இயக்கினோம். நாற்பதும் இயங்கின. நாற்பதிலும் இணையம் இல்லை. கம்பி செருகப்பட்டிருந்தது; விளக்கு எரிந்தது; ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. பழைய கட்டடத்தின் ஆய்வகத்தில் எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அங்கே பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்ததால் வாயிற்படியைக்கூட மிதிக்க முடியாது.

நம் கல்லூரியில் படிப்போரில் பெரும்பாலோர் யார் என்பதை இம்மலரைப் படிப்பவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காலைப் பேருந்தைத் தவறவிட்டால் அடுத்த பேருந்துக்கு இரண்டு மணி நேரம் காத்திருக்கும் ஊர்களிலிருந்து வருகிறோம். கைபேசி பலரிடம் உண்டு. அதில் சாதிச் சான்றையும் வருமானச் சான்றையும் உரிய அளவுக்குச் சுருக்கி ஏற்றும் வித்தை எல்லோருக்கும் கைவரவில்லை. ஆகவே வெயிலில் நடந்து கடைத்தெருவிலுள்ள கணினி நிலையத்துக்குப் போனோம். கூட்டத்தைக் கண்ட கடைக்காரர் கட்டணத்தை உயர்த்தினார். என் பக்கத்தில் நின்ற முதலாண்டு மாணவி, திரும்பிப் போகும் பேருந்துக்காக முடிந்து வைத்திருந்த பணத்தைக் கைக்குட்டையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்ததை நான் பார்த்தேன். அன்று மாலை அவர் எப்படி ஊர் போய்ச் சேர்ந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இனி அந்த மூன்று நாட்களில் கல்லூரியில் நடந்ததைப் பார்ப்போம். முதல் நாள் குற்றவாளி கம்பி. ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஆராய்ந்தோம். முனைகளை வெட்டிப் புதிதாக அழுத்தினோம். பயனில்லை. இரண்டாம் நாள் குற்றவாளி மின்சாரம். ஸ்விட்ச்சை அணைத்து மீண்டும் போட்டோம். அதனாலும் பயனில்லை. மூன்றாம் நாள் வெளியூரிலிருந்து பழுது பார்ப்பவர் ஒருவர் வந்தார். கெட்டிக்காரர், அவசரக்காரரும்கூட. ஒவ்வொரு கணினியிலும் உட்கார்ந்து முகவரி எண்களைக் கையாலேயே தட்டெழுதிக்கொண்டு போனார். மாலைக்குள் முப்பத்தெட்டு கணினிகளில் இணையம் வந்துவிட்டது! மற்ற இரண்டுக்கும் தவறுதலாக ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டார் என்பதும், அதனால் அவை ஒன்றையொன்று தள்ளிவிட்டுக்கொண்டிருந்தன என்பதும் பிறகு தெரிந்தது. எந்த எண் எந்தக் கணினிக்கு என்று அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. விண்ணப்பத்தின் கடைசி நாளும் அதுவே.

அந்த முதல் நாளிலேயே நோய் இன்னதென்று கணினி எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது. எங்களுக்குத்தான் அதன் மொழி தெரியவில்லை. இணைப்பு விவரத்தைத் திறந்து பார்த்தபோது ஒவ்வொரு கணினியின் முகவரியும் 169.254 என்று தொடங்கியது. இந்த எண் வரிசைக்கு ஒரு பொருள் உண்டு. "எனக்கு முகவரி தருவார் உண்டா என்று கேட்டேன், ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை, ஆகவே எனக்கு நானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டேன்" என்பதே அதன் பொருள். 2005ஆம் ஆண்டில் முறைப்படி வரையறுக்கப்பட்ட வழக்கம் இது. கம்பி அறுந்திருந்தால் இந்த எண் வந்திருக்காது; கம்பியே இல்லை என்று வேறு செய்தி வந்திருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அன்று எங்களிடையே இருந்திருந்தால் கம்பிகளை வெட்டியிருக்க மாட்டோம்.

கணினி அறிவியல் பயிலாத நண்பர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். வலையில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் முகவரி தேவை. அதைக் கையால் எழுதலாம். அல்லது கேட்டுப் பெறலாம். கேட்டுப் பெறும் முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். உரையாடல் நான்கே வாக்கியந்தான். "யாராவது இருக்கிறீர்களா?" என்று கணினி கூவும். "இருக்கிறேன், இந்த எண்ணை எடுத்துக்கொள்" என்று முகவரி தரும் சர்வர் சொல்லும். "அதையே தாருங்கள்" என்று கணினி கேட்கும். "தந்தேன், இத்தனை மணி நேரத்துக்கு" என்று சர்வர் முடிக்கும். (சர்வர் என்றதும் காபி கிளப் நினைவுக்கு வருவோர் வெட்கப்பட வேண்டாம். கேட்டதைக் கொண்டுவந்து தருபவர் என்ற பொருளில் இரண்டும் ஒன்றே.) எண் சொந்தமாகக் கிடைப்பதில்லை, குத்தகைக்குத்தான். பாதிக் காலம் கழிந்ததும் கணினி அதைப் புதுப்பித்துக்கொள்ளும்.

இதில் முதல் வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும். புதிதாக வந்த கணினிக்குச் சர்வர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. தனக்கே முகவரி இல்லாததால் யாருக்கும் கடிதம் எழுதவும் முடியாது. ஆகையால் அது எல்லாருக்கும் கேட்கும்படி 255.255.255.255 என்ற எண்ணுக்குக் கூவுகிறது. இதற்குத்தான் ஒலிபரப்பு என்று பெயர். ஆனால் அந்தக் கூவல் எத்தனை தூரம் கேட்கும்? தெருமுனை வரைதான். அந்தத் தெருமுனையின் பெயர் வி-லேன்.

வி-லேன் என்பது ஒரே ஸ்விட்ச்சுக்குள் எழுப்பப்படும் கண்ணுக்குத் தெரியாத சுவர். ஒரு பெட்டியில் நாற்பத்தெட்டுத் துளைகள் இருந்தால், இவை அலுவலகத்துக்கு, இவை ஆய்வகத்துக்கு, இவை நூலகத்துக்கு என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துவிடலாம். 1998இல் வெளியான 802.1க்யூ என்னும் தரநிலைப்படி 1 முதல் 4094 வரை எண்கள் உண்டு. நமக்கு நான்கே போதும். சுவர் எழுந்தபின் ஒரு பகுதியில் கூவுவது அடுத்த பகுதிக்குக் கேட்காது. புதிய கட்டடத்தில் அப்படித்தான் செய்திருந்தார்கள்: அலுவலகமும் சர்வரும் 10, பழைய ஆய்வகம் 20, புதிய ஆய்வகம் 30, நூலகம் 40. நாற்பது கணினிகளும் 30க்குள் நின்று கூவின. சர்வர் 10இல் அமைதியாக உட்கார்ந்திருந்தது. அதன்மேல் தவறில்லை, அதன் காதில் விழவே இல்லை.

அப்படியானால் சுவரே வேண்டாமே, இடித்துவிட்டால் என்ன என்று ஒரு கேள்வி எழும். பேராசிரியர் ஒருவரே என்னிடம் இதைக் கேட்டார். நான் முதலாண்டு படித்தபோது சுவர் இல்லாமல்தான் இருந்தது என்பதை அவருக்கு நினைவூட்டினேன். அப்போது ஒரு துறையில், மாணவர்கள்பால் கொண்ட பரிவினால், ஆசிரியர் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் சிறிய வை-ஃபை ரூட்டர் வாங்கி வந்து பொருத்தினார். கம்பியைச் செருக வேண்டிய துளை ஒன்று. செருகிய துளை வேறொன்று. அந்தச் சின்னஞ்சிறு பெட்டிக்குள்ளும் முகவரி தரும் சர்வர் ஒன்று உண்டு. கல்லூரி முழுவதும் எழுந்த கூவலுக்கெல்லாம் அது முந்திக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கியது. முதலில் வரும் பதிலை ஏற்பது கணினிகளின் பொதுவான இயல்பு. நூலகத்திலும் அலுவலகத்திலும் பாதிக் கணினிகள் 192.168.0 என்று தொடங்கும் தவறான முகவரியைப் பெற்றுக்கொண்டு திக்கற்றுப் போயின. இன்று ஒரு கணினி, நாளை வேறொரு கணினி என்று நோய் இடம் மாறிக்கொண்டேயிருந்தது. காரணம் கண்டுபிடிக்கப் பல நாட்கள் ஆயின. சுவர் இருந்திருந்தால் தொல்லை ஒரு துறையோடு நின்றிருக்கும். மாணவர்கள் உட்காரும் கணினியிலிருந்து மதிப்பெண்கள் வைத்திருக்கும் அலுவலகக் கணினிக்கு நேர்வழி இருப்பதும் முறையன்று. ஆகவே சுவர் வேண்டும்.

சுவரும் வேண்டும், கூவலும் சர்வரின் காதில் விழ வேண்டும் என்றால் என்ன செய்வது? இங்கேதான் ரிலே வருகிறது. தமிழில் அஞ்சல் எனலாம். நம் விடுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிய மாணவன் பெட்டியும் படுக்கையுமாக விடுதியின் கூடத்தில் நின்று "எனக்கு அறை எண் யார் தருவார்?" என்று கத்துகிறான். அறை ஒதுக்கும் விடுதிக் காப்பாளரோ வேறு கட்டடத்தில் இருக்கிறார். கூடத்து வாயிலில் நிற்கும் காவலாளி அந்தக் கூவலைக் கேட்டு, ஒரு சீட்டில் "இன்ன விடுதியின் வாயிலிலிருந்து" என்று குறித்து, காப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். காப்பாளர் சீட்டில் எந்த விடுதி என்று பார்த்து, அந்த விடுதிக்குரிய பேரேட்டிலிருந்து ஓர் அறையை எழுதி, காவலாளியிடமே திருப்பி அனுப்புகிறார். மாணவனுக்குக் காப்பாளர் இருக்கும் இடம் தெரிய வேண்டியதில்லை. காப்பாளரும் விடுதிதோறும் போய் உட்கார வேண்டியதில்லை.

ஸ்விட்ச்சில் அந்தக் காவலாளியை நியமிக்க ஒரு வரி போதும். 30 என்னும் வி-லேனின் வாயிலாக ஸ்விட்ச்சுக்கு 192.168.30.1 என்ற முகவரி உண்டு. சிஸ்கோ வகைக் கருவியானால் 'இன்டர்ஃபேஸ் வி-லேன் 30' என்று எழுதி, அதன் கீழ் 'ஐ.பி. ஹெல்ப்பர்-அட்ரஸ் 192.168.10.5' என்று எழுத வேண்டும். கடைசியில் வருவது சர்வரின் முகவரி. மற்ற நிறுவனங்களின் கருவிகளில் சொற்கள் மாறலாம், செய்தி ஒன்றே. இந்த வரி எந்த வி-லேனில் கேட்கும் ஆட்கள் இருக்கிறார்களோ அந்த வி-லேனின் கீழ் எழுதப்பட வேண்டும். சர்வர் இருக்கும் வி-லேனின் கீழ் எழுதிவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று நாங்கள் ஒரு மணி நேரம் விழித்ததை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆம், நாங்கள்தான். விண்ணப்பக் காலம் முடிந்து கூட்டம் கலைந்தபிறகு, துறை ஆசிரியரின் அனுமதி பெற்று, ஆய்வக உதவியாளர் அண்ணனும் நானும் இன்னும் இரு மாணவர்களும் ஒரு சனிக்கிழமை அந்த இரும்புப் பெட்டியின் முன் உட்கார்ந்தோம். ஒரு வரி போதும் என்றேனல்லவா? வரியைச் சரியான இடத்தில் எழுதினோம். கணினியில் மீண்டும் அதே 169.254. மனம் உடைந்தது. "போதும் தம்பி, அவர் கையால் எழுதியதே நன்றாகத்தானே ஓடுகிறது, விட்டுவிடலாம்" என்றார் அண்ணன். "இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம் அண்ணே" என்றேன்.

சர்வரில் வந்து போவதைப் பதிவு செய்யும் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தோம். வியப்பு! கேள்வி வந்து சேர்ந்திருந்தது. 192.168.30.1 வழியாக வந்தது என்றும் எழுதியிருந்தது. ஆனால் அந்தப் பகுதிக்குக் கொடுக்கத் தன்னிடம் எண்கள் இல்லை என்று சர்வர் கைவிரித்திருந்தது. காவலாளி சீட்டைக் கொண்டுபோய்விட்டார். காப்பாளரிடம் அந்த விடுதிக்குப் பேரேடே இல்லை. சர்வரில் 30ஆம் பகுதிக்கென 192.168.30.50 முதல் 192.168.30.200 வரை ஒரு தொகுதி எழுதினோம். முதல் 49 எண்களை அச்சுப்பொறி முதலியவற்றுக்கென ஒதுக்கி வைத்தோம்.

மறுபடியும் முயன்றோம். குறிப்பேட்டில் இப்போது "192.168.30.50 தருகிறேன்" என்று சர்வர் சொல்லியிருந்தது, ஆனால் ஆய்வகக் கணினிக்கு எதுவும் வந்து சேரவில்லை. சர்வர் மீண்டும் மீண்டும் தருகிறது. இவனோ மீண்டும் மீண்டும் கேட்கிறான். போகும் வழி திறந்திருக்கிறது, வரும் வழி அடைத்திருக்கிறது என்று உடன் இருந்த மாணவர் ஒருவர் சொன்னார். அதுதான் உண்மை. சர்வர் தன் பதிலை 192.168.30.1 என்ற வாயிலுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் அந்தச் சர்வர் பழைய காலத்தில் அமைக்கப்பட்டது. வெளியே போகும் எல்லாவற்றையும் இணைய நிறுவனத்தின் பெட்டியிடம் கொடு என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டிக்கு நம் புதிய ஆய்வகத்தைப் பற்றி என்ன தெரியும்? வந்த பதில்களையெல்லாம் அது தொலைத்துக்கொண்டிருந்தது. 192.168.30 என்று தொடங்கும் முகவரிகளுக்குரியவற்றை ஸ்விட்ச்சின் கையில் கொடு என்று சர்வரிடம் வழி சொன்னோம். அடுத்த நிமிடமே முதல் கணினிக்கு 192.168.30.50 கிடைத்தது. அண்ணன் எழுந்து போய் நாலு தேநீர் வாங்கி வந்தார்.

கேட்கும் இடத்தில் ரிலே, சர்வரில் அந்தப் பகுதிக்குரிய எண் தொகுதி, பதில் திரும்பி வரும் வழி: மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கணினியில் தெரிவது அதே 169.254தான். அதனால்தான் பலர் சலித்துப்போய்க் கையால் எழுதிவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். சர்வரின் குறிப்பேடோ எந்த இடத்தில் தடை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. கேள்வியே வரவில்லையானால் ரிலேயைப் பார்க்க வேண்டும். வந்தும் எண் இல்லையானால் தொகுதியை. எண் கொடுத்தும் போய்ச் சேரவில்லையானால் திரும்பும் வழியை.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். இத்தனை நடந்த பிறகும் நம் கல்லூரியில் ஒரு யோசனை வலுவாக உலவுகிறது. "இந்த வி-லேன், ரிலே வம்பெல்லாம் எதற்கு? துறைக்கொரு ரூட்டர் வாங்கிப் போட்டுவிடலாம், அவரவர் முகவரியை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்" என்பது அந்த யோசனை. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. இதை நான் முழு மூச்சோடு எதிர்க்கிறேன்.

எதிர்ப்பதற்கு ஒரு சரித்திரக் காரணமும் உண்டு. வரலாற்றுத் துறை நண்பர்கள் மகிழ்வார்கள் என்று நம்புகிறேன். 1984 ஜூனில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஆர்.ஏ.ஆர்.பி. என்றொரு முறையை வெளியிட்டார்கள். வட்டு இல்லாத கணினிகள் தம் முகவரியைக் கேட்டு அறிவதற்கான முறை அது. அதன் குறை என்ன? கேள்வி ஒரு கம்பித் தொடரைத் தாண்டாது. ஆகவே ஒவ்வொரு தொடரிலும் பதில் சொல்ல ஒரு சர்வர் வைக்க வேண்டியிருந்தது. ஓராண்டு கழித்து, 1985 செப்டம்பரில், ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த பில் கிராஃப்டும் சன் மைக்ரோசிஸ்டம்ஸைச் சேர்ந்த ஜான் கில்மோரும் பூட்பி என்ற முறையை வெளியிட்டார்கள். அதன் கடிதத்தில் ஒரு சிறு கட்டம் சேர்த்தார்கள்: இக்கேள்வி எந்த வாயில் வழியாக வந்தது என்று குறிக்கும் கட்டம். நம் காவலாளி சீட்டில் எழுதிய அதே குறிப்பு! அந்தக் கட்டத்தால் தொடருக்கொரு சர்வர் என்ற கட்டாயம் ஒழிந்தது. 1993 அக்டோபரில் பக்னெல் பல்கலைக்கழக ஆசிரியர் ரால்ஃப் டிரோம்ஸ் எழுதிய டி.எச்.சி.பி. அந்தக் கட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. 1997 மார்ச்சில் திருத்தி வெளியான வடிவமே இன்றும் அடிப்படை. ஓர் ஆசிரியர் எழுதிய விதியால் உலகக் கணினிகள் முகவரி பெறுகின்றன என்பதை நம் ஆசிரியர்களின் முன் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. துறைக்கொரு பெட்டி என்று சொல்வோர், தம்மை அறியாமலே, நம்மை 1984க்கு அழைத்துப் போகிறார்கள்.

சரித்திரம் கிடக்கட்டும், நடைமுறையைப் பார்ப்போம். துறைக்கொரு பெட்டி என்றால் பதினான்கு துறைக்குப் பதினான்கு பெட்டி, பதினான்கு கடவுச்சொல், பதினான்கு இடத்தில் பழுது. அதை வாங்கிய ஆசிரியர் மாற்றலாகிப் போனால் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். அரசுக் கல்லூரியில் மாற்றல் என்பது ஆடி ஆவணி போல வந்துகொண்டேயிருப்பது. ஒரே சர்வர் என்றால் எந்தக் கணினிக்கு எந்த எண் எப்போது தரப்பட்டது என்று ஒரே இடத்தில் பார்க்கலாம். நாளை நூலகத்தில் பத்துக் கணினி கூடினாலும் சர்வரில் ஒரு தொகுதி, ஸ்விட்ச்சில் ஒரு வரி. செலவு காலணாவும் இல்லை.

"எல்லாவற்றுக்கும் கையால் எண் எழுதி, ஒரு பதிவேட்டில் குறித்துக்கொள்ளலாமே" என்பாரும் உளர். அச்சுப்பொறிக்கும் சர்வருக்கும் அப்படிச் செய்வதே சரி; அவை இடம் மாறக்கூடாதவை. ஆனால் நாற்பது கணினிக்கும் பதிவேடு என்றால் அதைக் காப்பவர் யார்? நம் கல்லூரியில் இருப்புப் பதிவேட்டின்படி உள்ள நாற்காலிகளும் அறையில் உள்ள நாற்காலிகளும் என்றைக்காவது ஒத்துப்போனதுண்டா? (பதிப்பாசிரியர் இவ்வரியை நீக்க மாட்டார் என்று நம்புகிறேன்.)

என் பக்கத்திலும் குறை இல்லாமலில்லை. எல்லாரும் ஒரே சர்வரை நம்பியிருந்தால் அது படுத்த அன்று கல்லூரியே படுத்துவிடும் என்பது நியாயமான அச்சம். இதற்கு வழி இரண்டாவது சர்வர். ஸ்விட்ச்சில் இரண்டு ஹெல்ப்பர் வரிகள் எழுதினால் காவலாளி சீட்டை இருவரிடமும் கொண்டுபோவார். இரண்டு சர்வரும் ஒரே எண்ணை இருவருக்குக் கொடுத்துவிடாதபடி தொகுதியைப் பிரித்து வைக்க வேண்டும், அல்லது இரண்டும் தம்முள் பேசிக்கொள்ளும்படி அமைக்க வேண்டும். கழித்துக் கட்டிய பழைய கணினி ஒன்றே இரண்டாம் சர்வருக்குப் போதும். இந்த வேலைக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சிஸ்கோ கருவியில் ஹெல்ப்பர் வரி எழுதினால் அது முகவரிக் கேள்வியை மட்டும் சுமப்பதில்லை. நேரம் கேட்பது, பெயர் கேட்பது முதலாக எட்டு வகை ஒலிபரப்பை இயல்பாகவே சுமந்து செல்லும். வேண்டாதவற்றை நிறுத்தி வைப்பது நல்லது. மற்றொன்று சற்று நுட்பமானது. முதன்முறை முகவரி பெறும்போது கணினி ரிலே வழியாகப் பேசுகிறது. ஆனால் குத்தகையின் பாதிக் காலத்தில் புதுப்பிக்கும்போது, அப்போது அதற்குச் சர்வரின் இருப்பிடம் தெரியுமாகையால், நேராகவே சர்வருக்கு எழுதுகிறது. ஆய்வகத்திலிருந்து அலுவலகப் பகுதிக்கு ஒரு துரும்பும் போகக்கூடாது என்று முழுத் தடை போடுவோர், சர்வரின் 67ஆம் எண் வாயிலை மட்டுமாவது திறந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் நன்றாக இருக்கும். பிறகு காரணம் தெரியாத சிறு சிறு கோளாறுகள் எழும். பழைய ரூட்டர் கதை திரும்பாமலிருக்க, சர்வர் இருக்கும் பக்கத்துத் துளையிலிருந்து வரும் பதிலை மட்டுமே நம்பு என்று ஸ்விட்ச்சுக்குச் சொல்லி வைக்கும் வசதியும் உண்டு. நம் ஸ்விட்ச்சில் அது இருக்கிறது. இதுவரை யாரும் இயக்கவில்லை.

இவ்வளவு எழுதியபின் எனக்குள்ள உண்மையான மனத்தாங்கலைச் சொல்லாமல் விட முடியவில்லை. கணினி வலைகள் என்ற பாடத்தில் நான் நல்ல மதிப்பெண் பெற்றவன். ஏழு அடுக்குகளின் பெயரைத் தூக்கத்திலும் ஒப்பிப்பேன். டி.எச்.சி.பி. குறித்து ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் படம் போட்டு விடை எழுதினேன். முழு மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் அந்த ஒன்பது மணி வரிசையில் நின்றபோது திரையில் தெரிந்த 169.254 என்னிடம் எதுவும் பேசவில்லை. என் விடைத்தாளில் இருந்த படத்துக்கும் என் முன்னால் இருந்த கணினிக்கும் தொடர்பு உண்டு என்றே எனக்குத் தோன்றவில்லை. மூன்றாண்டில் ஒரு முறையாவது அந்த இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டியிருந்தால் தோன்றியிருக்கும். பெட்டியோ பூட்டியிருக்கிறது, விலையுயர்ந்த பொருள், மாணவர் கை பட்டால் கெட்டுவிடும் என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. மாணவன் ஒரு வரியைத் தவறாக எழுதினால் ஒரு மணி நேரம் இணையம் நிற்கும். யாருக்கும் அந்த வரி தெரியாததால் மூன்று நாள் நின்றதே, அதற்குப் பயந்தவர் யார்?

பேராசிரியப் பெருமக்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஆய்வகத்தில் தூசி படிந்து கிடக்கும் பழைய ஸ்விட்ச்சையும் இரண்டு பழைய கணினிகளையும் எங்களிடம் ஒப்படையுங்கள். அதிலே நாங்கள் சுவர் எழுப்பி, ரிலே எழுதி, தவறு செய்து, குறிப்பேட்டைப் படித்துத் திருத்தக் கற்றுக்கொள்கிறோம், கல்லூரிக்கு ஆபத்தில்லை. மற்றொன்று, பெரிய ஸ்விட்ச்சில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் தாளில் அச்சிட்டு, எந்த வி-லேன் எந்தப் பகுதிக்கு, சர்வர் எது, வாயில் எது என்ற விவரத்தோடு, அந்தக் கண்ணாடிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள். கடவுச்சொல் மட்டும் முதல்வர் அறையில் இருக்கட்டும்.

அந்தத் தாளை நாங்களே எழுதித் துறைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறோம். 30ஆம் பகுதிக் கணினிகளில் கையால் எழுதிய எண்களையெல்லாம் அழித்து, கேட்டுப் பெறும்படி மாற்றிவிட்டோம். நாற்பதும் ஓடுகின்றன. நூலகத்து 40ஆம் பகுதிக்கு இன்னும் அந்த வரி எழுதப்படவில்லை; அங்கே ஆறு கணினிகள் பழைய கை எண்களோடு இருக்கின்றன. உதவித்தொகைப் புதுப்பிப்பு மறுபடியும் வர ஐந்து மாதம் இருக்கிறது. அதற்கு முன்பாக ஒரு சனிக்கிழமை போதும். சாவி மட்டும் கிடைக்க வேண்டும்.